பிள்ளையாருக்கு ரெண்டாவது வரி

ஏனுங்க, அந்தச் சேர்ல உக்காராதீங்க, அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி என் பக்கத்துல வாங்க. எம்.டி. சார் உள்ள ஆளோட பேசிட்டிருக்காரு, நம்மளைக் கூப்பிட எப்படியும் நேரமாகும். எனக்கப்புறந்தான் நீங்கன்னு ரிசப்ஷன்ல சொன்னாங்களா? அப்ப சரிங்க. என் பேரு சென்னியப்பன். இந்தக் கம்பெனில பில்டு எஞ்சினியர். கட்டடம் கட்டற பில்டு இல்லீங்க, எல்லாரும் அப்படித்தான் நெனைச்சுக்கறாங்க. எங்க மாமனாரே கல்யாணமான புதுசுல கேட்டாரு, ஏன் மாப்ள நீங்க சைட்டுக்கே போறதில்ல, எந்நேரமும் ஏசில உக்காந்திருக்கீங்களேன்னு.

சித்தெ மெதுவாத்தான் பேசுவேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தச் சுவத்துக்கு அக்கட்ட அக்கவுண்ட்ஸ் செக்ஷன். நாம ஒண்ணு பேசுனா அங்க ஒம்பதாப் போய்ச் சேரும்.

நாங்க செய்யறது மோட்டார் ஸ்டார்ட்டருங்க. தோட்டத்துல போர் மோட்டார் இருக்குமல்ல, வீட்ல இருந்துட்டே ஒரு மிஸ்டுகால் குடுத்தா ஓடும், இன்னொண்ணு குடுத்தா நிக்கும். பெட்டிக்குள்ள நகத்தளவு ஒரு சிப்பு, அதுதான் எல்லா வேலையும் பாக்குது. அந்தச் சிப்புக்கு வேண்டிய புரோகிராமை அதுலயே வெச்சுச் செய்ய முடியாதுங்க, அதுல எடம் ஏது. இங்க பெரிய கம்ப்யூட்டர்ல செஞ்சு, கொண்டுபோய் அதுல ஏத்தணும். திருப்பூர்ல துணி தைக்கறாங்கல்ல, போடறவன் எங்கியோ ஜெர்மனில இருக்கான், அளவு மட்டும் வருது, இங்க தச்சு அனுப்பறோம். அதே கதைதான். கிராஸ் கம்பைல்னு சொல்லுவோம். இதுல என்ன கூத்துன்னா, தைக்கற மெஷினையும் மொதல்ல நாமளேதான் கட்டோணும். அதுக்குப் பேரு டூல்செயின். சிப்பு மாறுச்சுன்னா டூல்செயினும் புதுசாக் கட்டோணும். அதைக் கட்டறதுக்கு நான் எழுதி வெச்ச ஸ்கிரிப்ட் ஒண்ணு இருக்குதுங்க. இன்ன வேலைக்கப்புறம் இன்ன வேலைன்னு கம்ப்யூட்டருக்கு வரிவரியாச் சொல்றது. அதை ஓட்டிக் கட்டறதுக்குத்தான் பில்டுன்னு பேரு. அதுதான் என் சோறு. பத்துப் பன்னெண்டு வருஷமா நாந்தான் எழுதறேன், நாந்தான் ஓட்டறேன், வேற யாரும் அதுமேல கை வெச்சதில்லை.

அந்த அம்மணி வர்ற வரைக்கும்னு சொல்லோணும்.

மோகனப்பிரியான்னு பேரு. சாத்தூர்க்காரப் பொண்ணு. எம்.டி. சாருக்கு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான், சென்னியப்பன் ஒருத்தன் கம்ப்யூட்டர்ல மட்டும் ஓடுனா எப்படி, நாளைக்கு அவன் லீவு போட்டா கம்பெனி லீவா, பொதுவா ஒரு சர்வர் வெச்சு அதுவே எல்லாத்தையும் கட்டற மாதிரி பண்ணுங்கன்னு. யார் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும், இப்ப வேண்டாம். அந்த சர்வரைப் பாத்துக்கறதுக்குன்னு எடுத்த பொண்ணு. வந்த மொத நாளே நேரா என் சீட்டுக்கு வந்து, அண்ணே, உங்ககிட்ட நெறையக் கத்துக்கணும்ண்ணேன்னா. எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. வந்ததும் வராததுமா ஏன் என்கிட்ட வரணும்? ஆபீஸ்ல இத்தனை பேர் இருக்காங்கல்ல?

ஊருக்குப் போயிட்டு வரும்போது காரச்சேவு வாங்கிட்டு வருவா. எல்லார் டேபிளுக்கும் ஒரு பொட்டலம், எனக்கு மட்டும் ரெண்டு பொட்டலம், எச்சா இருக்கும். ஏன் எச்சாங்க? நான் தொடல. டிராவுல வெச்சுப் பூட்டிட்டேன். அப்பறம் நான் அந்தப்பக்கம் நடந்து போனா ஸ்கிரீன்ல இருக்கறதைச் சட்டுனு மாத்துவா. ஒருநாள் திரும்பி வந்து பாத்தேன், வேலை சம்பந்தமாத்தான் இருந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு நமக்கெப்படித் தெரியும்?

சரி, நடந்த நாயத்துக்கு வர்றேன். புது சிப்பு வந்துச்சு. பழைய ஸ்டார்ட்டர்ல ஒரு கோளாறுங்க, கரண்டு போயிப் போயி வந்தா பெட்டி அப்படியே மலைச்சு நின்னுக்கும், மோட்டார் ஓடாது. கத்தரிக்கு எளங்காய் விட்ட நேரம் தண்ணியில்லாம கெடந்தா எந்தக் குடியானவன் சும்மா இருப்பான்? டீலருங்க தெனம் போன்ல வாய்க்கு வந்ததைப் பேசறாங்க. புதுச் சிப்புல அதைச் சரி பண்ணியாச்சு. புரோகிராம் ரெடி. டூல்செயின் கட்டி ஏத்துனா பெட்டி லாரி ஏறிரும். நான் என் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தேன், ஒரு குறையும் இல்லாம ஓடுச்சு. அதையே சர்வர்ல போட்டாங்க. அரைநாள் ஓடுதுங்க அது, ஓடி ஓடி, கடைசிக் கட்டத்துல போய் ஃபெயில்.

என்ன எர்ரர்னா, சிப்புக்குன்னு தைக்கச் சொன்ன லைப்ரரிங்கற பாகத்தை சர்வர் தன் சொந்த அளவுக்கே தச்சு வெச்சிருக்கு. ஜெர்மன்காரனுக்குத் தைக்கச் சொன்னா டெய்லர் தன் ஒடம்புக்குத் தச்சுக்கிட்டா எப்படி? கடைசில ஒண்ணாச் சேக்கும்போது பொருந்தலைன்னு சொல்லி நின்னுக்குது. மறுபடி ஓட்டறோம், மறுபடி அரைநாள், மறுபடி அதே எடம். இங்க வந்து என் கம்ப்யூட்டர்ல ஓட்டினா நல்லா ஓடுது. அதே ஸ்கிரிப்ட் ஃபைலுங்க. ஒரு எழுத்து மாறல. இங்க ஓடறது அங்க ஓடலைன்னா கோளாறு ஃபைல்லயா, அங்க உக்காந்திருக்கற ஆள்கிட்டயா? நீங்களே சொல்லுங்க.

அவ எப்ப வர்றா, எதைத் தொடறான்னு சத்தங்காட்டாம, பொட்டாட்ட கவனிச்சேன்.

ஒருநாள் மத்தியானம் அவளே வந்தா. லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து என் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டு, அண்ணே, இந்த முதல் வரி நீங்க போட்டதாண்ணேன்னு கேக்கறா. பாத்தேன். உ. பிள்ளையார் சுழிங்க. நான் எந்த ஃபைல் ஆரம்பிச்சாலும் மொத வரில ஒரு உ போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பேன். கம்ப்யூட்டர் அதைப் படிக்காத மாதிரி முன்னாடி ஒரு குறி போட்டு வெச்சிருப்பேன், அதைக் கண்டா அது தாண்டிப் போயிரும். பேப்பர்ல போடறோம், பத்திரிகைல போடறோம், கடைச் சீட்டுல போடறோம், இதுல போட்டா என்ன?

ஏம்மா, ஒனக்கு இது என்னன்னு தெரியாதான்னு கேட்டேன்.

தெரியும்ண்ணே, எங்க வீட்லயும் போடுவோம், ஆனா இந்த ஃபைல்ல முதல் வரி மட்டும் வேற யாருக்கும் குடுக்கக் கூடாது, இந்த ஃபைலை யாருகிட்டக் குடுத்து ஓட்டணும்னு கம்ப்யூட்டர் முதல் வரியில மட்டுந்தான் பாக்கும், நீங்க அதை ரெண்டாவது வரியில எழுதியிருக்கீங்க, அதைப் பாக்காம சர்வர் தன்கிட்ட இருக்கற சின்ன ஷெல்லுகிட்ட, அதாவது வரியைப் படிச்சு ஓட்டற புரோகிராம்கிட்டக் குடுத்துருது, அதுக்கு நீங்க எழுதுன சில வரி புரியறதில்ல, 'இந்தச் சிப்புக்குத்தான் தைக்கணும்'ங்கற வரியே புரியாம தாண்டிப் போயிருது, அதான் அளவு மாறுதுங்கறா. இதை ஒரே மூச்சுல சொல்றா, மனப்பாடம் பண்ணிட்டு வந்த மாதிரி.

அப்ப என் கம்ப்யூட்டர்ல மட்டும் எப்படி ஓடுதுன்னு மடக்குனேன்.

நீங்க கையால ஓட்டறீங்கண்ணே, நீங்க உக்காந்திருக்கறதே பெரிய ஷெல்லுல, அது தானே எடுத்து ஓட்டிக்குது, சர்வர் வேற வழியா ஓட்டுதுன்னா. எல்லாத்துக்கும் ஒரு பதில் ரெடியா வெச்சிருந்தா பாருங்க. சும்மா வந்தவகிட்ட இவ்வளவு பதில் இருக்குமா? தப்புப் பண்ணுனவகிட்டத்தான் பதில் ரெடியா இருக்கும்.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். ஏம்மா, ஒரே ஒரு உ, அது ஒரு கம்பெனியையே நிறுத்திருமா? பத்துப் பன்னெண்டு வருஷமா நிறுத்தாதது, நீ வந்ததுக்கப்பறம் நிறுத்துதா? லேப்டாப்பை மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. முகம் பொக்குனு போச்சு. எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா பாவம் பாத்தா நம்ம பொழப்பு என்னாகறது?

அதுக்கடுத்த நாள்தாங்க கதையே. சர்வர்ல பில்டு ஓடிருச்சுன்னு எல்லாரும் கை தட்டறாங்க. எப்படி ஓடுச்சு? என் ஃபைலைத் தொறந்து பாத்தா, எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. உ கீழ போயிருச்சு. ரெண்டாவது வரில இருக்குது. என்னைக் கேக்காம, என் ஃபைல்ல கை வெச்சு, பிள்ளையாரைப் பின்னாடி தள்ளி நிக்க வெச்சிருக்கா. எடுத்துப் போட்டிருந்தாக்கூட தெரியாம எடுத்துட்டான்னு விட்டிருப்பேன். இது ரோசனை பண்ணித் தள்ளுனது. நான் அப்பவே மறுபடி மேல கொண்டுபோய் வெச்சுட்டேன். என்னாச்சுங்கறீங்க? அன்னைக்கே ஃபெயில்.

தற்செயலாங்க இது?

அவ மறுபடி கீழ எறக்கறா, ஓடுது. நான் மேல ஏத்தறேன், ஃபெயில். எறக்கறா, ஓடுது. ஏத்தறேன், ஃபெயில். இப்படியே ஒரு வாரம் ஓடுச்சு. நீங்க படிச்ச ஆளாத் தெரியறீங்க, இதுல இருந்து என்ன தெரியுது? அவ இஷ்டப்படி இருந்தா ஓடுது, என் இஷ்டப்படி இருந்தா நிக்குது. அப்ப சுவிட்சு யார் கைல இருக்குது? உள்ள ஏதோ வெச்சிருக்கா. உ மேல இருந்தா நிறுத்து, கீழ இருந்தா விடுன்னு. பழி பிள்ளையார் மேல போகட்டும்னு. எவ்வளவு மூளை பாருங்க. சாமி மேல பழியைப் போட்டா யார் சண்டைக்கு வரப்போறாங்க?

இதுக்கு நடுவுல இன்னொண்ணு. கேன்டீன்ல நம்ம ஸ்டோர்ஸ் தேவராஜுகிட்ட மனசுவிட்டுப் பேசிட்டிருந்தேன். எனக்கு இங்க விட்டா எங்கியும் போக்கில்ல தேவராஜு, இந்த வயசுல எவன் கூப்பிட்டு வேலை குடுப்பான், பெரிய புள்ள இப்பத்தான் காலேஜு சேந்திருக்கு, எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு ஃபைலுதான், அதையும் புடுங்கப் பாக்கறாங்கன்னு சொன்னேன். சொல்லிட்டுக் கர்ச்சீப்பால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டேன், உண்மையைச் சொல்றதுல என்னங்க வெக்கம். திரும்பிப் பாத்தா பின்னாடி டேபிள்ல அவ உக்காந்திருக்கா. தட்டுல போட்ட தயிர்சாதம் அப்படியே இருக்குது. சாப்பிடல, ஒட்டுக் கேட்டுட்டிருந்திருக்கா. கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. மொளகாயைக் கடிச்சிருப்பா.

அதுக்கப்பறம் மீட்டிங். இதே ரூமுலதான், இப்ப எம்.டி. உக்காந்திருக்காரே அங்கதான். ஒருநாள் ஓடுது, ஒருநாள் நிக்குது, எதை நம்பி ஏத்தறதுன்னு குடோன் நெறையப் பெட்டி கெடக்குது, லாரிக்காரன் வந்து வந்து திரும்பிப் போறான், ஒரு டீலர் வாசல்ல வந்து நின்னு கத்திட்டே போயிட்டான். எம்.டி. சார் சாதாரணமாக் கோவப்பட மாட்டாரு. அன்னைக்கு டேபிளைத் தட்டுனாரு. இன்னைக்கு எனக்குக் காரணம் வேண்டாம், ஆள் வேணும், யார் கை பட்டு நின்னுச்சோ அவங்க இன்னைக்கே கெளம்பலாம்னாரு.

நான் எல்லாத்தையும் தயாரா வெச்சிருந்தேன். எந்தெந்த நாள் அவ தொட்டா, எந்தெந்த நாள் ஓடுச்சு, எல்லாம் மனசுல வரிசையா இருந்துச்சு. ஆனா மொதல்ல அவளைத்தான் கேட்டாரு. அவ என்னைப் பாத்தா. கண்ணெடுக்காமப் பாத்தா. போச்சுடான்னு நெனைச்சேன், சுழியைப் பத்தி எடுத்து விடப் போறா, எல்லாரும் சிரிக்கப் போறாங்கன்னு. அவ என்ன சொன்னா தெரியுங்களா? சர்வர் என் பொறுப்பு சார், நான் பாத்திருக்கணும், என் தப்புதான்னா.

அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. நான் சேத்து வெச்சதை எடுத்துச் சொல்ற வேலையே இல்லாமப் போச்சு. எதுக்கு ஒத்துக்கிட்டான்னு இன்னைக்கு வரைக்கும் ரோசனை பண்றேன். மனசாட்சி குத்தியிருக்கும், வேறென்ன. நான் ஆதாரத்தோட உக்காந்திருக்கறது அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். அன்னைக்குச் சாயந்தரமே பையைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டா. புரொபேஷன்ல இருந்த பொண்ணு, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டுகூடக் குடுக்கல. போறப்ப என் சீட்டுகிட்ட வந்து நின்னா. நான் ஸ்கிரீனையே பாத்துட்டிருந்தேன். அண்ணே, ரெண்டாவது வரியில போடுங்கண்ணே, அவர் கோச்சுக்க மாட்டாருன்னா. போகும்போதுகூட என் ஃபைல்ல கை வைக்கறதுலயே குறி.

அவ போனதும் சர்வரை ஓரங்கட்டிட்டாங்க, நான் என் கம்ப்யூட்டர்ல கையால ஓட்டிக் குடுத்தேன். ஒரே ஓட்டம், ஓடிருச்சு. பெட்டி லாரி ஏறுச்சு, டீலருங்க வாயடைச்சாங்க. பாத்தீங்களான்னு தேவராஜுகிட்டச் சொன்னேன், ஆள் போனதும் எப்படி ஓடுதுன்னு. அவன் ஸ்டாக் நோட்டைத் தொறந்து எழுத ஆரம்பிச்சுட்டான். அவனும் அந்தக் காரச்சேவு தின்னவன்தான்.

இப்ப என்ன பிரச்சனைன்னா, எம்.டி. சார் புதுசா ஒரு சட்டம் போட்டுட்டாரு. வெளிநாட்டுல ஒருத்தன் நம்ம ஸ்டார்ட்டர் வாங்கறானாம், அவன் சொல்லிட்டானாம், ஆள் கையால ஓட்டுனதை ஏத்துக்க மாட்டேன், சர்வர்ல கட்டுனதுதான் வேணும்னு. சரின்னு சர்வர்ல போட்டேன். ஃபெயில். அதே எடம், அதே எர்ரர். அவ போயி மழைக்காலமே முடிஞ்சுருச்சு, அவ சீட்டுல இப்ப பிரிண்டர் உக்காந்திருக்கு, இன்னும் ஃபெயிலாகுது. அப்ப உள்ள எவ்வளவு ஆழமா வெச்சுட்டுப் போயிருக்கான்னு பாருங்க.

இன்னைக்குக் காலைல அவ எனக்கு ரெண்டு தடவை போன் பண்ணுனா. எடுக்கல. பில்டு நின்னது அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? இங்க ஆள் வெச்சிருக்கா. தேவராஜா இருக்கும்னு சந்தேகம். அவன்தான் சொன்னான், அந்தப் பொண்ணுக்கு எங்கியும் வேலை கெடைக்கலீங்க, சர்டிபிகேட் இல்லாம எவனும் எடுக்க மாட்டேங்கறான், சாத்தூர்லயே ஒரு கூரியர் ஆபீஸ்ல கவர் ஒட்டிட்டு உக்காந்திருக்குதுன்னு. எஞ்சினியரிங் படிச்ச பொண்ணுங்க. கேட்டதுல இருந்து ரெண்டு நாளாச் சோறு எறங்கல. இதை எதுக்கு என்கிட்ட வந்து சொன்னான்? அதுலயும் ஏதோ இருக்குது.

இப்ப உள்ள கூப்பிட்டு, இந்தத் தடவை யாருன்னு கேக்கப் போறாரு எம்.டி. போன தடவை மாதிரியேதான், காரணம் வேண்டாம், ஆள் வேணும்பாரு. அவ இல்ல. சர்வர் இப்ப என் பொறுப்புல. எனக்குப் பயமாத்தாங்க இருக்கு.

அட, நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன், நீங்க என்ன விஷயமா வந்தீங்கன்னு கேக்கவே இல்ல. யூபிஎஸ் சர்வீஸுங்களா. எந்த யூபிஎஸ்? சர்வர் ரூமுல இருக்கறதா? ஓகோ. அப்ப நீங்க அந்த ரூமுக்குள்ள போயிருக்கீங்க. கடைசியா எப்ப வந்தீங்க? போன மாசக் கடைசியா. தனியாவா நின்னீங்க, யாராச்சும் கூட இருந்தாங்களா? இல்லீங்க, சும்மா கேட்டேன். சொந்த ஊரு எதுங்க? விருதுநகரா. விருதுநகருக்கும் சாத்தூருக்கும் எவ்வளவு தூரம் வரும்? பக்கந்தான். இல்லீங்க, சும்மாதான்.

என்னங்க? அந்த வரியைக் கீழ எறக்கி வெச்சு நானே ஒருக்கா சர்வர்ல ஓட்டிப் பாத்தனான்னா கேக்கறீங்க?

இல்லீங்க. ஓட்டல.

எதுக்கு ஓட்டோணும்? எறக்கி வெச்சு ஓட்டி, ஃபெயிலாச்சுன்னா நல்லது, நான் சொன்னது சரின்னு ஆயிரும். ஓடிருச்சுன்னா? ஓடிருச்சுன்னா அந்தப் பொண்ணுக்கு நான் என்னங்க பதில் சொல்றது? எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சாத்தூருக்குப் போறது? அன்னைக்கு ரூமுல அவ என்னைப் பாத்த பார்வை இருக்குதே, அதுக்கு வேற அர்த்தம் ஆயிருமல்லங்க. அதெல்லாம் வேண்டாம். ஓட்டாத வரைக்கும் அவதான். ஓட்டாத வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

இருங்க, கூப்பிடறாங்க. வர்றனுங்கம்மா, இதோ ஒரு நிமிசம்.

வெறுங்கையோட உள்ள போக முடியாதுங்க, ஆள் யாருன்னு கேப்பாரு. ஏனுங்க, உங்க பேரு என்னன்னு சொன்னீங்க?